கார்பன் எங்கே குடியிருக்கிறது? எஃகின் மின்தடையும் கார்பைடு வீழ்படிவும்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் விட்டம் கொண்ட, கார்பன் மிகுந்த எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், வளைத்ததும் மடக்கென்று ஒடியும் கடினத்துக்கு வந்துவிடும். அந்நிலையில் அதன் மின்தடை சுமார் 0.57 ஓம். அதே கம்பியை மறுபடி காய்ச்சி, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டு அளந்தால் 0.2 ஓம். இரும்பு அதே இரும்பு, கார்பன் அதே கார்பன். நீளத்திலும் விட்டத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. தடை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

1880களில் இதை விரிவாக அளந்தவர்கள் இரண்டு இயற்பியலாளர்கள்: அமெரிக்கரான கார்ல் பாரஸ், செக் நாட்டவரான வின்சென்ட் ஸ்ட்ரௌஹல். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கோல்ராவுஷின் ஆய்வகத்தில் இருவரும் சேர்ந்து வேலை தொடங்கினார்கள். பாரஸ் பின்னர் அமெரிக்க நிலவியல் அளவைத் துறைக்குப் போனதால், முடிவுகள் 1885இல் அத்துறையின் வெளியீடாகவே அச்சாயின. பாறைகளை ஆராயும் துறை எஃகுக் கம்பியைப் பற்றி நூல் வெளியிட்டது வேடிக்கைதான். ஆனால் அவர்களுக்கு ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளில் எஃகுக் காந்தங்கள்தாம் இருந்தன. அவை நாளாக நாளாக வலுவிழந்தன. அதைத் தடுப்பது எப்படி?

அவர்கள் கண்ட வழி எளிமையானது: கடினப்படுத்திய காந்தத்தை 100 டிகிரி நீராவியில் பல மணி நேரம் வேகவைத்துவிட்டால், பிறகு அது அதிகம் மாறாது. இந்த வழிக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மின்தடை அளவீடு. கடின எஃகின் தடை நீராவியின் சூட்டிலேயே மணிக்கு மணி இறங்கிக்கொண்டே போவதையும், நேரம் செல்லச் செல்ல அந்த இறக்கம் மந்தப்படுவதையும் பார்த்தார்கள். உள்ளே ஏதோ நகர்கிறது என்பது தெரிந்தது. நகர்வது எது என்று சொல்ல எக்ஸ் கதிர் அப்போது கையில் இல்லை.

நகர்ந்தது கார்பன். சிவந்த சூட்டில் இரும்பு ஆஸ்டினைட் என்ற அமைப்பில் இருக்கும். அதில் கார்பன் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை கரையும். அறை வெப்பநிலையில் இரும்பு எடுக்கும் அமைப்பான ஃபெர்ரைட்டோ கார்பனை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. 727 டிகிரியில்கூட 0.02 சதவீதம்தான் அதன் உச்சம். மெல்ல ஆறவிட்டால், கரைய இடமில்லாத கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கார்பைடாகப் பிரிந்துவிடும்: மூன்று இரும்பு அணுவுக்கு ஒரு கார்பன் அணு. சடாரென்று குளிர்வித்தால் பிரிய நேரமில்லை. கார்பன் இருந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ள, இரும்பின் படிகக் கூடு ஒரு பக்கமாக நீண்டு மார்டென்சைட் ஆகிறது. இந்த நீட்சியை எக்ஸ் கதிர் கொண்டு ஃபிங்க்கும் கேம்பெல்லும் காட்டியது 1926இல்.

அகப்பட்ட கார்பனின் நெருக்கடியை அளவோடு பார்க்கலாம். எடையில் 0.8 சதவீதம் கார்பன் என்பது கேட்கச் சொற்பமாக இருக்கும். அணுக் கணக்கில் ஏறக்குறைய 27 இரும்பு அணுக்களுக்கு ஒரு கார்பன் அணு. அது போய் உட்காரும் சந்தின் ஆரம் 0.19 ஆங்ஸ்ட்ராம், கார்பன் அணுவின் ஆரமோ 0.7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். சுற்றியுள்ள இரும்பு அணுக்களைத் தள்ளிக்கொண்டுதான் அது உட்கார முடியும். மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் ஒழுங்காக அடுக்கிய அணுக்களுக்கிடையே தடையின்றிப் போகும். ஒழுங்கு குலைந்த இடத்தில் சிதறும். 27க்கு ஒன்று என்ற கணக்கில் குலைந்து கிடக்கும் கூட்டில் அவை எத்தனை முறை சிதறும் என்று யோசித்தால், தடை மூன்று மடங்காவது வியப்பாகத் தோன்றாது.

1860களில் மத்தீசன் கண்ட விதி இந்தக் கணக்கை எளிதாக்கியது. உலோகத்தின் மின்தடை எண் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை: அணுக்களின் வெப்ப அதிர்வால் வருவது ஒன்று, கலப்புகளாலும் குறைகளாலும் வருவது மற்றொன்று. தூய இரும்பின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் சுமார் 10 மைக்ரோ ஓம் செ.மீ. (செம்புக்கு 1.7). இதன்மேல் ஒவ்வொரு கலப்பும் தன் பங்கைக் கூட்டுகிறது. 1904இல் சுவீடனின் உப்சாலாவில் கார்ல் பெனடிக்ஸ் முன்வைத்த சூத்திரத்தில், கரைந்திருக்கும் கார்பன் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 26.8 மைக்ரோ ஓம் செ.மீ. கூடுகிறது. பிற்கால அளவீடுகள் 25 முதல் 35 வரை தருகின்றன. சிலிக்கான் ஒரு சதவீதத்துக்குச் சுமார் 12, மாங்கனீசும் குரோமியமும் சுமார் 5. அதே ஒரு சதவீதக் கார்பன் சிமென்டைட்டாகப் பிரிந்திருந்தால் அதன் பங்கு 5 அளவில் நின்றுவிடுகிறது.

30க்கும் 5க்கும் இடையிலான இந்த வித்தியாசத்தில்தான் இந்தப் பொருளின் சாரம் முழுவதும் இருக்கிறது. தண்டவாள எஃகை வைத்துச் சரிபார்க்கலாம். அதில் சுமார் 0.7 சதவீதம் கார்பன், 1 சதவீதம் மாங்கனீசு, 0.3 சதவீதம் சிலிக்கான். கார்பன் முழுவதும் சிமென்டைட் தகடுகளாக இருக்கிறது. இரும்புக்கு 10, மாங்கனீசுக்கு 5, சிலிக்கானுக்கு 3.6, கார்பைடுக்கு 3.5 என்று கூட்டினால் 22. தண்டவாளங்களில் அளக்கும்போது கிடைப்பதும் இந்த அளவுதான். மூன்றாம் தண்டவாளம் வழியே ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் நகரங்களில் அந்தத் தண்டவாளத்துக்கு மட்டும் கார்பனும் மாங்கனீசும் மிகக் குறைந்த மென் எஃகைப் போட்டார்கள் என்றால், காரணம் இந்தக் கூட்டல்தான்.

இங்கே ஒரு பொதுவான தவறெண்ணத்தைத் தொட வேண்டியிருக்கிறது. கார்பைடு பிரிந்ததும் கடத்துதிறன் கூடுவதைப் பார்த்துவிட்டு, கார்பைடு நன்றாக மின்சாரம் கடத்தும் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. சிமென்டைட் உலோகத் தன்மை உள்ளதுதான். ஆனால் அதன் தடை இரும்பைவிடப் பல மடங்கு. 0.8 சதவீதக் கார்பன் முழுவதும் பிரிந்தால் எஃகின் எடையில் 12 சதவீதம் சிமென்டைட் ஆகும். அது மின்சாரமே கடத்தாத கல் என்று வைத்துக்கொண்டாலும், உருண்டைத் துகள்களாகச் சிதறிக் கிடந்தால் மொத்தத் தடையை அது ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூட்டாது. மீதி 88 சதவீத இடத்தில் மின்னோட்டம் சுற்றிக்கொண்டு போய்விடும். இதே கார்பன் கரைசலில் இருந்தால் ஒதுங்கிப் போக இடமே இல்லை, ஏனென்றால் அது எங்கும் இருக்கிறது. பாகிலிருந்து கற்கண்டு பிரியப் பிரிய எஞ்சிய பாகு இளகுவது மாதிரி, கார்பைடு பிரியப் பிரியச் சுற்றியுள்ள இரும்பு தூய்மையாகிறது. கடத்துவது அந்த இரும்பு. கார்பைடு, வெளியேறிய கார்பன் போய்ச் சேர்ந்த இடம் மட்டுமே. ஆகவே மின்தடை நமக்குச் சொல்வது எவ்வளவு கார்பைடு உண்டானது என்பதைவிட, இன்னும் எவ்வளவு கார்பன் கரைந்தே இருக்கிறது என்பதைத்தான்.

இந்தக் கண்ணோட்டத்தோடு டெம்பரிங்கைப் பார்க்கலாம். பட்டறையில் உளியைத் தண்ணீரில் முக்கிய பிறகு மீண்டும் இளஞ்சூடு காட்டி, முனையில் வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், நீலம் என்று வண்ணம் ஓடுவதைப் பார்த்து நிறுத்துவார்களே, அந்த 200 முதல் 300 டிகிரிக்குள் உள்ளே பல வேலைகள் நடந்து முடிகின்றன. 100 டிகிரி தாண்டியதும் சிமென்டைட் வருவதில்லை. முதலில் வருவது எப்சிலான் கார்பைடு என்ற அறுகோணப் படிகம். 1951இல் ஜாக் அடையாளம் கண்ட இது மிக நுண்ணிய தகடுகளாகப் பிரிகிறது. அதன் பிறகும் மார்டென்சைட்டில் கால் சதவீதம் அளவுக்குக் கார்பன் எஞ்சியிருக்கும். பாரஸும் ஸ்ட்ரௌஹலும் நீராவியில் பார்த்த இறக்கம் இந்தக் கட்டத்தின் தொடக்கம்.

200 டிகிரிக்கு மேல் இன்னொன்று சேர்கிறது. முக்கியபோது மார்டென்சைட்டாக மாறாமல் ஒளிந்துகொண்ட ஆஸ்டினைட், உயர் கார்பன் எஃகில் கணிசமாகவே இருக்கும். ஆஸ்டினைட்டின் தடை மிக அதிகம். அது ஃபெர்ரைட்டும் கார்பைடுமாக உடையும்போது மொத்தத் தடை இறங்குகிறது. ஆக, இந்த வெப்பநிலையில் காணும் இறக்கத்தை அப்படியே மார்டென்சைட்டிலிருந்து வந்த கார்பைடின் கணக்கில் எழுதினால் தப்பாகும். பழைய அளவீடுகளைப் படிக்கும்போது பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 250 டிகிரிக்கு மேல் சிமென்டைட் தலையெடுக்கிறது, எப்சிலான் கரைந்து மறைகிறது, எஞ்சிய கார்பனும் வெளியேறுகிறது. 400 டிகிரியைத் தாண்டினால் கார்பன் கரைசலில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்கள் வளர்கின்றன. கடினம் கணிசமாக இறங்குகிறது, தடை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மார்டென்சைட்டில் நெருக்கமாகக் கிடக்கும் இடப்பிறழ்வுகள் என்ற படிகக் குறைகள் கலைவதால் குறைவது 1 மைக்ரோ ஓம் செ.மீ. அளவில்தான்.

சிலிக்கான் 2 சதவீதம் வரை சேர்த்த சுருள்வில் எஃகில் சிமென்டைட் தலையெடுக்கும் வெப்பநிலை மேலே தள்ளிப்போகும். சிமென்டைட்டுக்குள் சிலிக்கானுக்கு இடமில்லை. சிமென்டைட் வளர வேண்டுமென்றால் வழியிலுள்ள சிலிக்கானை வெளியே தள்ள வேண்டும், அந்தச் சூட்டில் சிலிக்கான் லேசில் நகராது. அதனால் எப்சிலான் நீடிக்கிறது.

வீழ்படிவு என்றாலே தடை இறங்கும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இந்தப் பொருளில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. இரும்பு, நிக்கல், கார்பன் மூன்றையும் தக்க அளவில் கலந்தால், மார்டென்சைட் அறை வெப்பநிலைக்கும் கீழே போன பிறகுதான் உருவாகும். அதை அந்தக் குளிரிலேயே வைத்திருந்தால் கார்பன் ஓரடிகூட நகராத, பச்சை மார்டென்சைட் கிடைக்கும். பிறகு மெல்லச் சூடேற்றித் தடையை அளக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மோரிஸ் கோஹனின் குழு இப்படிச் செய்தபோது தடை முதலில் ஏறியது, பிறகே இறங்கியது. கார்பன் அணுக்கள் கார்பைடாவதற்கு முன் சிறுசிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. அந்தக் கூட்டங்களின் அளவு எலக்ட்ரான் அலையின் நீளத்தோடு ஒப்பிடும்படி இருக்கையில், தனித்தனி அணுக்களாக இருந்ததைவிட அதிகமாக எலக்ட்ரானைச் சிதறடிக்கின்றன. கூட்டங்கள் வளர்ந்து தெளிவான துகள்களானதும் விளைவு தலைகீழாகிறது. அலுமினியம்–செம்பு உலோகக் கலவையிலும் இதே ஏற்றம் உண்டு. ஆகவே, தடை மாறவில்லை என்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டிருக்கலாம்.

இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை அளப்பதும் ஒரு கலை. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்தால், முனை தொடும் இடத்தின் தடையே கம்பியின் தடையை விழுங்கிவிடும். அதனால் நான்கு முனைகள் வேண்டும்: வெளியே இரண்டில் மின்னோட்டம், உள்ளே இரண்டில் மின்னழுத்தம். முன்பு சொன்ன கம்பியில் 1 ஆம்பியர் செலுத்தினால் ஆறவிட்ட நிலையில் 0.2 வோல்ட் காட்டும், தண்ணீரில் முக்கிய நிலையில் 0.57. இன்னொரு தொல்லை வெப்பநிலை. இரும்பின் தடை எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மைக்ரோ ஓம் செ.மீ. ஏறும். காலைக்கும் மதியத்துக்கும் அறை 10 டிகிரி சூடேறினால் 0.6 கூடும், அது 0.02 சதவீதக் கார்பன் கரைசலில் சேர்ந்ததற்குச் சமம். அதனால் துல்லியம் தேவைப்படுபவர்கள் மாதிரியைத் திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்து அளக்கிறார்கள். மைனஸ் 196 டிகிரியில் இரும்பின் அதிர்வுப் பங்கு 10லிருந்து 1க்கும் கீழே போய்விடும். கலப்புகளின் குரல் தெளிவாகக் கேட்கும்.

கரைந்த கார்பன், பிரிந்த கார்பன் என்ற இந்த வேறுபாடு ஒரு பழைய தொழில் வழக்கையும் விளக்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்மாற்றிகளின் இரும்பு உள்ளகம் ஓட ஓட மூப்படைந்தது. சில மாதங்களிலேயே மின் இழப்பு ஏறியது. 100 டிகிரி அளவிலான சூட்டில், கரைந்திருந்த கார்பனும் நைட்ரஜனும் நுண்துகள்களாகப் பிரிந்ததே காரணம். இந்த இடத்தில் கடத்துதிறனை மட்டும் பார்ப்பவர் வழுக்கி விழுவார். 0.01 சதவீதக் கார்பன் பிரிந்தால் தடை 0.3 மைக்ரோ ஓம் செ.மீ. இறங்கும். 3 சதவீதம் சிலிக்கான் சேர்த்த தகட்டின் தடை 50ஐ ஒட்டி இருக்கையில், இந்த இறக்கத்தால் சுழல் மின்னோட்ட இழப்பு ஒரு சதவீதம்கூட ஏறாது. இழப்பை ஏற்றியது வேறு: அந்தத் துகள்கள் காந்தப் பகுதிகளின் எல்லைச் சுவர்களை நகரவிடாமல் பிடித்துக்கொண்டன. ஹாட்ஃபீல்டும் பாரெட்டும் பிரவுனும் 1900இல் டப்ளினிலிருந்து வெளியிட்ட ஆய்வு சிலிக்கான் எஃகுக்கு வழி திறந்தது. சிலிக்கான் தடையை உயர்த்தியதோடு மூப்பையும் குறைத்தது. இப்போது இத்தகைய தகடுகளில் கார்பனை 0.003 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

வெப்பக் கடத்துதிறனுக்கு வந்தால் கதை சற்று மாறுகிறது. உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பதும் பெரும்பாலும் எலக்ட்ரான்தான் என்பதால், மின்தடையைக் கொண்டே வெப்பக் கடத்துதிறனை மதிப்பிடலாம். வீடெமானும் ஃப்ரான்ஸும் 1853இல் கண்ட விகிதம் அது. அலுமினிய வார்ப்பு அச்சுகளுக்குப் போடும் எச்13 எஃகை எடுத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் சிலிக்கான். மின்தடை எண் 50ஐத் தொடும். விகிதப்படி எலக்ட்ரான் பங்கு மீட்டருக்கு, கெல்வினுக்கு 14 வாட். படிக அதிர்வின் பங்கு 10 என்று சேர்த்தால் 24 அல்லது 25. சாதாரண மென் எஃகுக்கு இது 50. கார் உடலின் உறுதியான பாகங்களை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சிய போரான் எஃகுத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும்போது, உள்ளே தண்ணீர் ஓடும் அச்சுதான் அந்தத் தகட்டைச் சடாரென்று குளிர்விக்க வேண்டும். அச்சு எவ்வளவு விரைவாக வெப்பத்தை உறிஞ்சுகிறதோ அவ்வளவு விரைவாக அடுத்த தகடு உள்ளே போகலாம்.

அதனால் கடந்த இருபது ஆண்டுகளில் அச்சு எஃகு வடிப்பவர்கள் கார்பைடைக் கழிவிறக்கும் இடமாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். சிலிக்கானையும் குரோமியத்தையும் அடியோடு குறைத்து, கார்பனுக்குச் சரியான அளவில் மாலிப்டினமும் டங்ஸ்டனும் சேர்க்கிறார்கள். 500 முதல் 650 டிகிரி டெம்பரிங்கில் இவை கார்பனோடு சேர்ந்து நுண்ணிய கார்பைடுகளாகப் பிரிகின்றன. இரும்பில் அவற்றில் ஏறக்குறைய எதுவும் மிச்சமிருப்பதில்லை. கணக்குச் சரியாக அமைந்தால் 60 வாட்டுக்கு மேல் கடத்தும் அச்சு எஃகு கிடைக்கிறது. கார்பன் ஒரு துளி கூடினாலும் மாலிப்டினம் ஒரு துளி கூடினாலும் அந்த மிச்சம் கரைசலில் தங்கிக் கடத்துதிறனைக் கெடுக்கும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: இதே டெம்பரிங்கில் கடினம் ஏறுகிறது, தடை இறங்குகிறது. சாதாரணக் கார்பன் எஃகில் 400 டிகிரி வரை இரண்டும் சேர்ந்தே இறங்கும். மின்தடையைப் பார்த்துக் கடினத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இந்த எஃகுகளில் செல்லாது.

எல்லா எஃகிலும் இந்தத் தந்திரம் பலிக்காது. கல்பாக்கத்தில் எழுந்த அதிவேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலன்களில் போட்டது, மேம்படுத்திய 9 குரோமியம்–1 மாலிப்டினம் எஃகு. துருப்பிடிக்காத ஆஸ்டினைட் எஃகின் வெப்பக் கடத்துதிறன் 15 வாட் அளவில்தான். இந்த எஃகுக்கு 26ஐ ஒட்டி. தேர்வுக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. 1050 டிகிரியை ஒட்டிக் காய்ச்சி, 760 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்யும்போது குரோமியம் மிகுந்த கார்பைடுகள் படிக எல்லைகளில் பிரிகின்றன. இது கடத்துதிறனை எவ்வளவு உயர்த்தும்? கார்பன் 0.1 சதவீதம்தான். அது முழுவதும் அந்தக் கார்பைடாக மாறினாலும் எஃகின் எடையில் 2 சதவீதத்துக்குள் அடங்கும். விழுங்கும் குரோமியம் ஒரு சதவீதம் அளவு. மீதி 8 சதவீதம் இரும்பில் கரைந்தே கிடக்கும். எவ்வளவு நேரம் டெம்பர் செய்தாலும் இதைச் செம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது, மென் எஃகுக்குப் பக்கத்திலும் முடியாது.

இத்தகைய எஃகில் டெம்பரிங் சரியாக நடந்ததா என்று அறுக்காமல் சோதிக்க வேண்டுமானால், சுழல் மின்னோட்டச் சுருளை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் இரும்பு காந்தப் பொருள். சுருளின் அளவை ஆட்டிப்படைப்பது கடத்துதிறனைவிடக் காந்த ஊடுருவுதிறன்தான். மேலும், 1000 ஹெர்ட்ஸில் அந்த மின்னோட்டம் சாதாரண எஃகுக்குள் முக்கால் மில்லிமீட்டர்கூட இறங்காது; உலையில் மேற்பரப்பு கார்பன் இழந்திருந்தால் சுருள் காட்டுவது அந்தத் தோலின் கதையை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மூர்த்தி, வைத்தியநாதன், ஜெயகுமார், பல்தேவ் ராஜ் ஆகியோர் 1990களில் வேறு வழியில் போனார்கள். காந்தமேற்றும்போது பகுதிச் சுவர்கள் தடையிலிருந்து தடைக்குத் துள்ளுவதால் எழும் பார்க்ஹவுசன் இரைச்சலை, கார்பன் எஃகிலும் குரோமியம்–மாலிப்டினம் எஃகுகளிலும் டெம்பரிங் நேரத்தைக் கூட்டிக் கூட்டி அளந்தார்கள். தொடக்கத்தில் ஒற்றை முகடாக இருந்த இரைச்சல், கார்பைடுகள் பருக்கப் பருக்க இரண்டு முகடுகளாகப் பிரிந்தது. குறைந்த காந்தப் புலத்தில் வந்த முகட்டைப் படிக எல்லைகளுக்கும், அதிகப் புலத்தில் வந்ததைக் கார்பைடுகளுக்கும் உரியதென்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.